கிறிஸ்துமஸ் அன்னிக்கு வீட்டு ஆளுங்க கூடும்போது: அடுப்பைக் குறைச்சு, ஃப்ரெஷ்ஷா என்னென்ன பண்ணலாம்

கிறிஸ்துமஸ் விருந்துன்னா விடியக்காலைல இருந்து அடுப்படியிலயே நின்னு, எல்லாரும் ஹால்ல உக்காந்து பேசி சிரிச்சுட்டு இருக்கும்போது சமைக்கிற ஆள் மட்டும் வேர்த்து விறுவிறுத்து ஓடிட்டே இருக்கணும்ங்கிற பழக்கம் எங்க வீட்டுல ரொம்ப வருஷம் இருந்துச்சு. அம்மா தட்டை எடுத்துட்டு உக்கார்றப்போ மத்தவங்க கை கழுவியிருப்பாங்க. அக்காவும் நானும் பேசி இதை மெதுவா மாத்தினோம். இப்போ எங்க மேசைல சூடான ஐட்டம் ஒன்னே ஒன்னுதான், மத்ததெல்லாம் சாலட், டிப், பழம், ஸ்வீட் பூராவும் முந்தின நாளே ரெடி, அன்னிக்கு வேலைன்னா அடுக்கி வெக்கிறதும் தூவி விடறதும் மட்டும்தான். யாரும் குறையா நினைக்கல, சொல்லப்போனா வெயிட்டா சாப்பிட்டு படுத்துடற கஷ்டம் இல்லாம சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் உக்காந்து பேசறோம்.

இத்தனை வருஷத்துல எனக்குப் புரிஞ்ச பெரிய விஷயம், ஃப்ரெஷ் சாப்பாட்டுல ருசியைக் கெடுக்கிறதும் தண்ணிதான், காப்பாத்துறதும் தண்ணிதான். சாலட் சொதசொதன்னு ஆறது, க்ரீம் கரைஞ்சு வழியறது, சாக்லேட் திரிஞ்ச மாதிரி கட்டியாறது, கஸ்டர்ட் மறுநாள் நீர்த்துப் போறது, எல்லாத்துக்கும் பின்னாடி வேண்டாத இடத்துக்குப் போன தண்ணிதான் இருக்கு. எதை முன்னாடியே பண்ணலாம், எதை கடைசி நிமிஷம் வரைக்கும் தொடக்கூடாதுன்னு யோசிக்கும்போது நான் கேக்கறது ஒரே கேள்விதான், இதுல இருக்கிற தண்ணி எங்க போகும்?

சாலட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். வெள்ளரிக்காய்ல 95 சதவீதம் தண்ணி, தக்காளியும் கிட்டத்தட்ட அப்படித்தான், தர்பூசணில 91, 92 சதவீதம் இருக்கும். இதுல உப்பு பட்டா உள்ள இருக்கிற தண்ணி வெளிய வந்துடும், அரை மணி நேரத்துல கிண்ணத்துக்கு அடில குளம் கட்டி நிக்கும். அந்தத் தண்ணிய நாமளே முன்னாடி எடுத்துட்டா பிரச்சனையே இல்ல. வெள்ளரியை நீளவாக்குல பொளந்து நடுவுல இருக்கிற விதையை ஸ்பூனால வழிச்சு எடுத்துடுங்க, விரல் தடிமனுக்கு வெட்டி அரை டீஸ்பூன் உப்பு தூவி வடிதட்டுல ஒரு இருபது நிமிஷம் போடுங்க, அப்புறம் ஒரு சுத்தமான துணில வெச்சு லேசா அழுத்தி எடுங்க. கடிச்சா நறுக்குன்னு இருக்கும், மத்த உப்பைக் குறைச்சுக்கணும் அவ்வளவுதான். இதோட மாதுளை முத்து, நிறைய புதினா, உதிர்த்த சீஸ் கொஞ்சம் போட்டா சிவப்பு பச்சை வெள்ளைன்னு கிறிஸ்துமஸ் கலர் தானா வந்துடும், தனியா அலங்காரமே தேவையில்ல. மாதுளையை முந்தின நாளே உதிர்த்து டப்பால அடில டிஷ்யூ பேப்பர் விரிச்சு ஃப்ரிட்ஜ்ல வெச்சுக்கலாம். புதினாவை மட்டும் பரிமாறும்போதுதான் கிள்ளணும், வெட்டி வெச்சா கறுத்துடும்.

தக்காளி சாலட்டுக்கும் இதே கதைதான், ஆனா தக்காளித் தண்ணிய கீழ ஊத்திடாதீங்க. துண்டு போட்டு உப்பு தூவி வடிய விட்டா கீழ வர்ற அந்த சாறுல தக்காளியோட பாதி ருசி இருக்கு, அதுல கொஞ்சம் ஆலிவ் எண்ணெயும் மிளகுத்தூளும் சேர்த்து கலக்கினா அதுவே டிரஸ்ஸிங். மொஸரெல்லா சீஸ் துண்டும் பேசில் இலையும் தக்காளியும் மாத்தி மாத்தி தட்டைச் சுத்தி அடுக்கி, அந்த டிரஸ்ஸிங்கை மேல ஊத்தினா போதும். தக்காளியை ஃப்ரிட்ஜ்ல வெச்சு குளிரக் குளிர எடுத்து வெட்டாதீங்க, வாசனையே இருக்காது.

இலை சாலட் பண்றவங்க ஒன்னு கவனிங்க. லெட்டூஸ் மாதிரி இலைகள் வாடியிருந்தா ஐஸ் தண்ணில பத்து நிமிஷம் போட்டா விறைப்பா நிமிர்ந்துடும், இங்க தண்ணி நமக்கு நல்லது பண்ணுது. ஆனா அதுக்கப்புறம் சொட்டு ஈரம் இல்லாம துடைக்கணும், ஈரமான இலைல எண்ணெய் ஒட்டாது, டிரஸ்ஸிங் பூரா வழுக்கி அடிக்குப் போயிடும், மேல இருக்கிற இலை சப்புன்னு இருக்கும். நான் துடைச்ச இலையை ஒரு டவல்ல சுருட்டி அப்படியே ஃப்ரிட்ஜ்ல வெச்சுடுவேன், மறுநாள் வரைக்கும் தாங்கும். டிரஸ்ஸிங்குக்கு மூணு பங்கு எண்ணெய், ஒரு பங்கு எலுமிச்சை சாறு இல்ல வினிகர், உப்பு, மிளகு, ஒரு துளி தேன், மூடி போட்ட பாட்டில்ல போட்டு குலுக்கினா முடிஞ்சுது. அந்த பாட்டிலை மேசைல வெச்சுடுங்க, எல்லாரும் உக்காந்தப்புறம் ஊத்திக் கலந்தா போதும்.

முழுக்க முழுக்க கடைசி நிமிஷ சாலட்டா வெச்சா அதுவும் டென்ஷன்தான், அதனால ஒரு சாலட்டாவது ஊற ஊற நல்லாகிற ரகமா இருக்கட்டும். வேகவெச்ச கொண்டைக்கடலை, பொடியா வெட்டின வெங்காயம், குடமிளகாய், எலுமிச்சை, எண்ணெய், இது முந்தின நாள் ராத்திரியே கலந்து வெச்சா மறுநாள்தான் நல்லா இருக்கும், வயிறும் நிறையும், சைவம் மட்டும் சாப்பிடறவங்களுக்கு ஒரு முழு சாப்பாடாவும் ஆயிடும்.

வந்த உடனே எல்லாரும் கை வெக்கிறதுக்கு எங்க வீட்டுல ஒரு டிப். கெட்டித் தயிரை மெல்லிய துணில கட்டி ராத்திரி ஃப்ரிட்ஜ்லயே ஒரு சல்லடை மேல வெச்சு வடிய விடுவேன், காலைல பாத்தா க்ரீம் சீஸ் மாதிரி திக்கா இருக்கும், அதுல ஒரு பல் பூண்டு துருவி, எலுமிச்சைத் தோல் துருவல், உப்பு, ஆலிவ் எண்ணெய். இதை கிண்ணத்துல ஊத்தி ஒரு பெரிய தட்டுக்கு நடுவுல வெச்சு, சுத்தி ப்ரோக்கோலியை வட்டமா அடுக்கி நடுநடுவுல சின்ன செர்ரி தக்காளி வெச்சா கதவுல மாட்டற கிறிஸ்துமஸ் வளையம் மாதிரியே இருக்கும், குழந்தைங்ககூட காய் சாப்பிடும். ப்ரோக்கோலியை பச்சையா வெக்காதீங்க, கொதிக்கிற உப்புத் தண்ணில ஒரு நிமிஷம் போட்டு உடனே ஐஸ் தண்ணிக்கு மாத்தினா பச்சை நிறம் பளிச்சுன்னு நிக்கும். கேரட் குச்சியை வெட்டி குளிர்ந்த தண்ணிலயே போட்டு வெக்கலாம், வாடாது.

சூடான அந்த ஒரு ஐட்டம் எங்களுக்கு ரோஸ்ட் சிக்கன். இதுலயும் தண்ணி விஷயம்தான் முக்கியம். முந்தின நாள் முழுக் கோழியை நல்லா துடைச்சு, ஒரு கிலோவுக்கு 10 கிராம் உப்பு கணக்குல (ரெண்டு டீஸ்பூனுக்கு கொஞ்சம் கம்மி) உள்ள வெளிய தடவி, மூடாம ஃப்ரிட்ஜ்ல கீழ்த் தட்டுல வெச்சுடுங்க. உப்பு முதல்ல தண்ணிய வெளிய இழுக்கும், அப்புறம் அந்த உப்புத் தண்ணி திரும்ப கறிக்குள்ளயே போகும், தோல் மட்டும் காய்ஞ்சு இருக்கும், அதனாலதான் உள்ள ஜூஸியாவும் வெளிய மொறுமொறுன்னும் வருது. ஒன்றரைக் கிலோ கோழிக்கு ஓவன்ல 190 டிகிரில ஒன்னேகால்ல இருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும், தொடையோட தடிமனான இடத்துல 74 டிகிரி வந்தாச்சுன்னா வெந்துடுச்சு. தெர்மாமீட்டர் ஒன்னு வாங்கி வெச்சுக்கறது நல்லது, குத்தி குத்தி பாத்துட்டு இருக்க வேண்டாம். எடுத்ததும் வெட்டாம இருபது நிமிஷம் விடுங்க, அந்த நேரத்துல சாலட்டை அடுக்கிடலாம். பச்சைக் கோழியை குழாய்க்கு அடில பிடிச்சு கழுவ வேண்டாம், தெறிக்கிற தண்ணில கிருமி பக்கத்துல இருக்கிற சாலட் இலை வரைக்கும் போகும், வேகவெக்காம சாப்பிடற பொருள் நிறைய இருக்கிற நாள்ல இதுல அசட்டையா இருக்கக்கூடாது. கோழிக்கு தனி பலகை, தனி கத்தி.

இப்போ ஸ்வீட். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா இது, கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

மேசைக்கு வந்ததும் எல்லாரும் ஆன்னு பாக்கணும்னா பாவ்லோவா பண்ணுங்க. அன்னா பாவ்லோவான்னு ஒரு ரஷ்ய பாலே நடனக் கலைஞர் 1926ல ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் போய் ஆடினாங்க, அவங்க பேர்லதான் இந்த ஸ்வீட், எங்க ஊர்ல பிறந்துச்சுன்னு ரெண்டு நாட்டுக்காரங்களும் இன்னும் சண்டை போடறாங்க, அங்க டிசம்பர்ல வெயில் காலம்ங்கிறதால கிறிஸ்துமஸுக்கு ரொம்பப் பொருத்தமான ஐட்டமாயிடுச்சு. மேல மொறுமொறு, உள்ள பஞ்சு மாதிரி மெத்துன்னு, அதுக்கு மேல க்ரீமும் பழமும். நாலு முட்டையோட வெள்ளைக்கரு, 220 கிராம் பொடிச்ச சர்க்கரை, ரெண்டு டீஸ்பூன் சோளமாவு, ஒரு டீஸ்பூன் வினிகர், இவ்வளவுதான். கிண்ணத்துல எண்ணெய்ப் பசையோ மஞ்சக்கரு சொட்டோ இருந்தா வெள்ளைக்கரு நுரைக்கவே நுரைக்காது, அதனால கிண்ணத்தை வினிகர் தொட்டு துடைச்சுடுங்க. முட்டையை ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த உடனே பிரிச்சா கரு உடையாம ஈஸியா பிரியும், ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெளிய வெச்சு குளிர் விட்டதும் அடிச்சா நல்லா பொங்கும். வெள்ளைக்கரு நுரைச்சு நின்னதும் சர்க்கரையை ஒவ்வொரு ஸ்பூனா போடுங்க, அவசரமே படக்கூடாது. ரெண்டு விரலுக்கு நடுவுல எடுத்து தேய்ச்சுப் பாருங்க, நறநறன்னு சர்க்கரை தட்டுப்படக்கூடாது, தட்டுப்பட்டா இன்னும் அடிக்கணும், கரையாத சர்க்கரைதான் பின்னாடி பாகு மாதிரி சொட்டுச் சொட்டா கசியும். கடைசியா சோளமாவையும் வினிகரையும் சேர்த்து லேசா மடிச்சு, பட்டர் பேப்பர் மேல வட்டமா குவிச்சு நடுவுல கொஞ்சம் பள்ளமா விட்டு, 120 டிகிரில ஒன்னேகால் மணி நேரம். அப்புறம் ஓவனை அணைச்சுட்டு கதவைத் திறக்காம உள்ளயே ஆற விடுங்க, ராத்திரி பண்ணி காலைல எடுத்தாலும் சரி.

சர்க்கரை காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், மழை நாள்ல இது பிசுபிசுன்னு ஆறதுக்கு காரணம் அதுதான், அதனால ஆறினதும் காத்துப் புகாத டப்பா, ஃப்ரிட்ஜ்ல மட்டும் வெக்கவே வேண்டாம். க்ரீமும் பழமும் பரிமாறுறதுக்கு கொஞ்சம் முன்னாடிதான் மேல போகணும். விரிசல் விட்டா கவலையே படாதீங்க, க்ரீம் மூடிடும், ரொம்ப நொறுங்கிப் போனாலும் கண்ணாடி டம்ளர்ல நொறுங்கினது, க்ரீம், ஸ்ட்ராபெர்ரின்னு அடுக்கிக் கொடுத்தா அதுவே ஒரு ஸ்வீட்.

க்ரீம் பத்தி ஒரு வார்த்தை. அடிச்சா நிக்கணும்னா குறைஞ்சது 30 சதவீதம் கொழுப்பு இருக்கணும், 35 இருந்தா இன்னும் நிம்மதி, கம்மியான க்ரீமை எவ்வளவு அடிச்சாலும் தண்ணியாத்தான் இருக்கும், பாக்கெட் மேல போட்டிருக்கிறதைப் படிச்சுட்டு வாங்குங்க. க்ரீம், கிண்ணம், பீட்டர் மூணும் ஜில்லுன்னு இருக்கணும். பீட்டரைத் தூக்கினா நுனி லேசா வளைஞ்சு நின்னதும் நிறுத்திடணும், அதுக்கு மேல போனா வெண்ணெய் தனி, தண்ணி தனி. டிப்புக்கு வடிகட்டின தயிர்ல, பூண்டு போடறதுக்கு முன்னாடியே ரெண்டு மூணு ஸ்பூன் எடுத்து வெச்சு க்ரீமோட சேர்த்தா லேசான புளிப்பு வந்து தித்திப்பு திகட்டாது, எனக்கு வெறும் க்ரீமைவிட இதுதான் பிடிக்கும்.

பாவ்லோவால மிஞ்சற நாலு மஞ்சக்கருவை வெச்சு அன்னிக்கே கஸ்டர்ட் காய்ச்சிடுங்க, கேக், பழம், கஸ்டர்ட்னு அடுக்கடுக்கா வெக்கிற ட்ரைஃபிலுக்கு ஆச்சு. அரை லிட்டர் பால், நாலு மஞ்சக்கரு, 60 கிராம் சர்க்கரை, ரெண்டு டேபிள்ஸ்பூன் சோளமாவு. மஞ்சக்கரு திரிஞ்சுடும்னு பயந்து கொதி வர்றதுக்கு முன்னாடியே நிறைய பேர் இறக்கிடுவாங்க. ஆனா மஞ்சக்கருல மாவுச்சத்தை உடைக்கிற ஒரு நொதி இருக்கு, கஸ்டர்ட் ஒரு நிமிஷமாவது நல்லா தளதளன்னு கொதிச்சாத்தான் அது அடங்கும், இல்லன்னா ராத்திரி திக்கா இருந்தது காலைல நீர்த்துப் போயிருக்கும். சோளமாவு சேர்ந்திருக்கிறதால கிளறிட்டே இருந்தா கொதிச்சாலும் திரியாது. மேல ஏடு கட்டாம இருக்க க்ளிங் ஃபிலிமை கஸ்டர்டைத் தொடற மாதிரியே ஒட்டி மூடுங்க. கண்ணாடிக் கிண்ணத்துல அடில ஸ்பாஞ்ச் கேக் இல்ல மிச்சம் இருக்கிற ஃப்ரூட் கேக், அது மேல சாறோட பழம், அப்புறம் கஸ்டர்ட், ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல. பழச்சாறை கேக் குடிச்சுக்கும், இங்க தண்ணி போக வேண்டிய இடத்துக்குத்தான் போகுது. க்ரீம் மட்டும் மறுநாள் மேல.

ஓவனே இல்லாதவங்களுக்கு பிஸ்கட் ரோல். மெல்லிசான சாக்லேட் பிஸ்கட்டுக்கு நடுவுல அடிச்ச க்ரீமைத் தடவி ஒன்னோட ஒன்னு ஒட்டி நீளமா படுக்க வெச்சு, மேலயும் க்ரீமால மூடி ராத்திரி விட்டுடுங்க, க்ரீம்ல இருக்கிற ஈரத்துல பிஸ்கட் மெத்துன்னு கேக் ஆயிடும், சாய்வா வெட்டினா வரி வரியா தெரியும். எங்க சித்தி மகன் பத்து வயசுல இதை தனியாவே பண்ணினான், இப்பவும் அது அவன் டிபார்ட்மென்ட்.

ஜெல்லி பண்றவங்க அன்னாசி, கிவி, பப்பாளி இந்த மூணையும் வேகவெக்காம ஜெலட்டின்ல போடாதீங்க. ஜெலட்டின் ஒரு புரதம், இந்தப் பழங்கள்ல புரதத்தை உடைக்கிற நொதி இருக்கு, ராத்திரி பூரா வெச்சாலும் உறையாது. பழத்தைக் கொஞ்ச நேரம் கொதிக்க வெச்சுட்டா சரியாகிடும், டின்ல வர்ற அன்னாசியும் ஓகே, இல்லன்னா சைனா கிராஸ் போடுங்க, அது புரதம் இல்லாததால இந்த நொதி ஒன்னும் பண்ணாது, வெளிய வெச்சாலும் உருகாது. கிவியை தயிர் க்ரீமோட ரொம்ப நேரம் கலந்து வெச்சாலும் இதே காரணத்தால கசப்பு வரும், கடைசில மேல வெச்சுக்கலாம்.

சாக்லேட் உருக்கறப்போ கிண்ணம், ஸ்பூன் எதுலயும் ஒரு சொட்டு தண்ணி இருக்கக்கூடாது, பட்டதும் மணல் மணலா இறுகிடும். அப்படி ஆனா தூக்கிப் போடாம சூடான க்ரீமை கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்குங்க, வழவழன்னு சாஸா மாறிடும், பழம் தொட்டு சாப்பிட அருமையா இருக்கும்.

குழந்தைங்களுக்கு ஸ்ட்ராபெர்ரியோட கூர் முனையை வெட்டி, நடுவுல க்ரீம் வெச்சு அந்த முனையை தொப்பி மாதிரி மூடினா குட்டி சான்டா ரெடி. அஞ்சு வயசுக்குக் கீழ இருந்தா திராட்சையை முழுசா கொடுக்கவே கொடுக்காதீங்க, நீளவாக்குல நாலா வெட்டுங்க, முழு முந்திரி பாதாமும் வேண்டாம், ரெண்டும் தொண்டைல அடைச்சுக்கும். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் சேர்ந்த எதுவும் கூடாது. யாருக்காவது நட்ஸ், முட்டை, பால் அலர்ஜி இருக்கான்னு கூப்பிடும்போதே கேட்டுடுங்க, வந்தப்புறம் கேட்டா அவங்கதான் பட்டினி.

ஜூஸ்ல ஐஸ் கரைஞ்சு சப்புன்னு ஆகாம இருக்க, அதே ஜூஸையே ட்ரேல ஊத்தி உறைய வெச்சு போடுங்க. பெரிய ஜாடின்னா கேக் அச்சுல பழத்துண்டும் புதினாவும் போட்டு ஒரே பெரிய ஐஸா உறைய வெக்கலாம், பெரிய கட்டி மெதுவாத்தான் கரையும், பாக்கவும் அழகு.

"நான் என்ன கொண்டு வரட்டும்?"னு மாமா கேட்டா "ஒன்னும் வேண்டாம் மாமா, நீங்க வந்தா போதும்"னு சொல்றதை நாங்க விட்டுட்டோம், "நீங்க ரெண்டு பாக்கெட் ஐஸும் தர்பூசணியும் கொண்டு வந்துடுங்க மாமா"ன்னு பேர் சொல்லி கேட்டுடறோம். அவருக்கும் சந்தோஷம். தர்பூசணியை வெட்டினா வடிதட்டு மேல வெச்சு ஃப்ரிட்ஜ்ல வெயுங்க, சாறு கீழ இறங்கிடும், அதை ஜாடில ஊத்திக்கலாம்.

கடைசியா நேரக் கணக்கு. க்ரீம், கஸ்டர்ட், கறி, தயிர் டிப் எதுவும் வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக்கூடாது, 32 டிகிரிக்கு மேல வெயில் அடிச்சா ஒரு மணி நேரம்தான். பேச்சு சுவாரசியத்துல இது மறந்தே போயிடும், அதனால அக்கா போன்ல அலாரம் வெச்சுடுவாங்க, அடிச்சதும் யாரு எந்திரிச்சாலும் ஆளுக்கு ஒரு கிண்ணமா உள்ள எடுத்து வெச்சுடுவோம். டிப்பையும் சின்ன கிண்ணத்துல கொஞ்சம் கொஞ்சமா வெச்சு மாத்திட்டே இருந்தா நல்லது. டிரஸ்ஸிங் ஊத்தாத சாலட் மறுநாளும் நல்லா இருக்கும், மிச்சக் கோழியை உதிர்த்து மூணு நாளைக்குள்ள சான்ட்விச்சுக்கு போட்டுக்கலாம், எலும்பைத் தூக்கிப் போடாம ஒரு வெங்காயம், கேரட், மிளகு போட்டு மெதுவா கொதிக்க விட்டா அடுத்த நாள் ராத்திரிக்கு சூப் ஆச்சு.